எங்கள் வீட்டுச் செயப்பாட்டு வினை

(மூன்றாமாண்டு மின்னியல் துறை மாணவி, எம். புதுப்பட்டி)



எங்கள் ஊர்ப் பெயரின் தலையிலேயே ஓர் ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கிறது. எம். புதுப்பட்டி. சிவகாசி பஸ் நிலையத்தில் போர்டைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது ஆங்கில எழுத்து என்பது ரொம்ப நாள் வரை எனக்குத் தெரியாது. ‘எம்’ என்றால் ‘எங்கள்’ என்று பள்ளியில் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்திருந்தார். எம் நாடு, எம் மொழி என்பது போல எம் புதுப்பட்டி! பஸ் போர்டில்கூட ‘எங்கள் புதுப்பட்டி’ என்று எழுதி வைத்திருக்கிறார்களே, நம் ஊர்க்காரர்களுக்கு ஊர் மேல் எத்தனை பாசம் என்று பெருமையாக நினைத்துக் கொண்டிருந்தேன். நடுவில் இருந்த புள்ளியை நான் கவனிக்கவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அடி லூசு, அது ஏ பி சி டி-ல வர்ற எம்முடி!”

ஆங்கிலம் என்னை முதன்முதலாக ஏமாற்றியது அப்போதுதான். இரண்டாவது தடவை ஏமாற்றியது இந்தக் கல்லூரியில், முதல் செமஸ்டரில். ஆங்கிலத்தில் அரியர்.

மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், “சோலார் பத்தி எழுது, எலெக்ட்ரிக் வண்டி பத்தி எழுது” என்றார்கள். அதையெல்லாம் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் துறையில் இருக்கிறார்கள். அந்த அரியரை நான் எப்படி முடித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்!

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்று பயராபீசுக்கு வேலைக்குப் போனவர். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கு பயராபீஸ் என்றும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றும் பெயர். ‘அம்மா ஆபீசுக்குப் போயிருக்காங்க’ என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சொன்னால், நாற்காலியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால், முதல் வாரம் எதுவுமே காதில் ஏறவில்லை. போர்டில் எழுதியதை அப்படியே வரைந்துகொண்டு வந்தேன். வரைந்தேன் என்பதுதான் சரியான சொல். இலக்கண வகுப்பில் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் நடத்தினார்கள். சப்ஜெக்ட் ஆப்ஜெக்ட் ஆகும், ஆப்ஜெக்ட் சப்ஜெக்ட் ஆகும், நடுவில் ஒரு ‘வாஸ்’ வரும், கடைசியில் ஒரு ‘பை’ வரும் என்று மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் ‘ராமன் மாம்பழம் சாப்பிட்டான்’ என்பதை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றியதில் மாம்பழம் ராமனைச் சாப்பிட்டுவிட்டது.

அரியர் எழுதுகிறவர்களை எங்கள் ஆங்கில மேடம் மாலையில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். திட்டவில்லை. ஒரு வேலை கொடுத்தார்கள். “உங்க வீட்ல இருக்கிற ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கங்க. அதை யார் கண்டுபிடிச்சாங்க, எப்ப, எப்படிச் செய்றாங்க, எதுக்குப் பயன்படுதுன்னு பத்து வாக்கியம் எழுதிட்டு வாங்க. நீங்க டிப்ளமோ படிக்கிறவங்க. மாம்பழத்தை விட்ருங்க, மெஷினைப் பத்தி எழுதுங்க.”

கண்டுபிடிப்புகளில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டால் போதும், நூறு வாக்கியம் எழுதலாம். ‘தி டெலிபோன் வாஸ் இன்வென்டட் பை கிரகாம் பெல்.’ டெலிபோனை எடுத்துவிட்டு ரேடியோவை வைத்தால் மார்க்கோனி. தண்டவாளம் மாதிரி அது கிடக்கிறது, பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். ஐந்தாம் வகுப்பில் பொது அறிவுப் புத்தகத்தில் கண்டுபிடித்தவர்கள் பட்டியலை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆகவே ஆள் பெயருக்குப் பஞ்சமில்லை. நண்பர்கள் ஃபேன், செல்போன், மிக்ஸி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் கைக்கு அகப்பட்ட தீப்பெட்டியை எடுத்தேன்.

அங்கேதான் முதல் சிக்கல். தீக்குச்சியைக் கண்டுபிடித்தவர் யார்? இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், 1827-ல் உரசினால் பற்றும் குச்சியை விற்றார். அதற்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. ஆனால் நம் கையில் இருப்பது அந்தக் குச்சி இல்லை, பெட்டியின் பக்கவாட்டில் உரசினால் மட்டுமே பற்றுகிற சேஃப்டி மேட்ச். பாஸ்பரஸைக் குச்சியின் தலையிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் தடவலாம் என்ற யோசனைக்கு 1844-ல் காப்புரிமை பெற்றவர் சுவீடனைச் சேர்ந்த பாஷ். அதைப் பெரிய தொழிலாக்கியவர்கள் அதே நாட்டின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள். இதற்கெல்லாம் முன்பே 1669-ல் பிராண்ட் என்ற ஜெர்மானியர் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சித் தங்கம் எடுக்கப் பார்த்தார். தங்கம் வரவில்லை, பாஸ்பரஸ் வந்தது! இத்தனை பேரையும் ஒரு ‘பை’-க்குப் பின்னால் எப்படி உட்கார வைப்பது?

மேடத்திடம் கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு வேறொன்று சொன்னார்கள். பாஸ்பரஸ் ‘டிஸ்கவர்’, தீக்குச்சி ‘இன்வென்ட்’. முன்பே இருந்ததைக் காண்பது ஒன்று, இல்லாததை உண்டாக்குவது வேறு. தமிழில் நாம் இரண்டுக்கும் ‘கண்டுபிடித்தார்’ என்றே சொல்லிவிடுகிறோம். அம்மா தொலைந்த கம்மலை அரிசிப் பானைக்குப் பின்னால் எடுத்தபோதும் ‘கண்டுபிடிச்சிட்டேன்’ என்றுதான் சொன்னார். பிராண்ட், வாக்கர், என் அம்மா மூவருக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் மூன்று. அன்றைக்குத்தான் அகராதி மேல் எனக்கு ஆசை வந்தது.

யார், எப்போது என்பது முடிந்தது. ‘எப்படிச் செய்றாங்க’ என்ற பகுதிக்கு நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆள் வீட்டிலேயே இருக்கிறார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மாவை உட்கார வைத்து, “உங்க பிஜிலி வெடியை மொதல்ல இருந்து எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க” என்றேன்.

“எதுக்கு? நீயும் வேலைக்கு வரப் போறியா?” முகம் மாறிவிட்டது.

“இல்லம்மா. இங்கிலீஷ் படிக்க.”

“எங்க வேலையில என்னடி இங்கிலீஷ் இருக்கு?”

நிறைய இருந்தது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று இனி யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குரோஸ் என்றால் 144 என்பது அம்மாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். எனக்கு அது கல்லூரிக்கு வந்த பிறகே தெரியும். போர்மேன், லைசென்ஸ், ஷெட்டு, லேபிள், பேக்கிங், பண்டல், பீஸ் ரேட்டு, அட்வான்ஸ், போனஸ் எல்லாம் அவர் வாயில் தமிழாகவே புழங்குகின்றன. அவருக்கு இல்லாதது வினைச்சொல். வேலை முழுக்க நடப்பது தமிழில். உருட்டுறது, அடைக்கிறது, செலுத்துறது, திரி வைக்கிறது, காயப் போடுறது, பின்னுறது, ஒட்டுறது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அகராதியில் தேடி மூன்று வடிவமும் எழுதினேன். ரோல், ரோல்டு, ரோல்டு. ஃபில், ஃபில்டு, ஃபில்டு. வீவ், வோவ், வோவன். ‘கட், கட், கட்’ என்று படித்தபோது அம்மா, “என்ன, கடைசி வரைக்கும் மாறவே மாறாதா? எங்க கூலி மாதிரி” என்றார்.

மறுநாள் வகுப்பில் வாசித்தேன். “காகிதம் வெட்டப்படுகிறது. குழாய் உருட்டப்படுகிறது. அடியில் மண் அடைக்கப்படுகிறது.” எல்லாம் சரியான பாசிவ் வாய்ஸ். மேடம் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். அடுத்த வாக்கியம்: “தி மெடிசின் ஈஸ் ஃபில்டு இன் தி டியூப்.” வகுப்பே சிரித்தது. “வெடிக்குக் காய்ச்சலா?” என்றான் ஒருவன். எங்களுக்கு வெடியில் போடுவதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. ‘மெடிசின்’ என்பதை அடித்துவிட்டு ‘கெமிக்கல் மிக்ஸ்சர்’ என்று போடச் சொன்னார்கள். அன்று ரொம்ப அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்தச் சொல்லை நான் மறக்கப் போவதே இல்லை. திட்டு வாங்கிப் படித்தது மறந்துபோகும், சிரிப்பு வாங்கிப் படித்தது மறக்காது.

அந்த நோட்டு அப்படியே வளர்ந்தது. மின்னியல் படிக்கிற எனக்கு ஃபியூஸ் என்றால் மீட்டர் பெட்டியில் உருகுகிற கம்பி. அம்மாவுக்கு அது திரி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ஆனால் நூலகத்தில் இருக்கும் பெரிய அகராதியில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவையாம். மீட்டர் பெட்டி ஃபியூஸ், ‘உருகு’ என்ற பொருளில் வந்தது. வெடித் திரியான ஃபியூஸோ, நூல் நூற்கும் கதிருக்கு லத்தீனில் இருந்த பெயரிலிருந்து வந்தது. சரி, ராக்கெட்டைப் பார்ப்போம் என்று பக்கத்தைப் புரட்டினால் அதுவும் நூல் சமாச்சாரம். இத்தாலிய மொழியில் நூல் சுற்றும் சின்னக் கட்டைக்கு உள்ள பெயர்தான் ராக்கெட் ஆனதாம், வடிவம் அப்படி இருந்ததால். ‘மேட்ச்’ என்ற சொல்லும் பழைய பிரெஞ்சில் விளக்குத் திரியைக் குறித்ததிலிருந்து வந்தது. கிரிக்கெட் மேட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். “நூல் நூக்குறது பொம்பளைங்க வேலைல்ல? அவுக வச்ச பேரா இருக்கும்” என்றார். வைத்தவர்கள் அவர்களோ இல்லையோ, கையில் வைத்திருந்த கருவி அவர்களுடையதுதானே!

இனி அந்த ‘பை’ விஷயத்துக்கு வருகிறேன்.

பாசிவ் வாய்ஸில் ஒரு விதி உண்டு. செய்தவர் யார் என்பது தெரியாவிட்டாலோ, முக்கியமில்லை என்றாலோ ‘பை’ போட வேண்டியதில்லை. விட்டுவிடலாம். மேடம் இதைச் சொன்ன அன்று நோட்டில் கட்டம் கட்டி எழுதிக்கொண்டேன், இரண்டு மார்க் கேள்வி என்பதால். ராத்திரி அம்மாவுக்கும் சொன்னேன்.

“பையா? என்ன பை, மஞ்சப் பையா?”

“அது இல்லம்மா. செஞ்சது யாருன்னு சொல்ற வார்த்தை. அதை விட்டுட்டாலும் வாக்கியம் சரிதான்னு இங்கிலீஷ்ல ரூல் இருக்கு.”

அம்மா லேசாகச் சிரித்தார். “இதுக்கு இங்கிலீஷ் எதுக்குப் படிக்கணும்? இங்கனயும் அப்படித்தான நடக்குது.”

எனக்குப் பேச்சு வரவில்லை. பழைய வேஸ்ட் லேபிள் ஒன்றில்தான் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திருப்பிப் பார்த்தால், ‘மேட் இன் இந்தியா’. இலக்கணப்படி பிழையே இல்லை. ‘பை’ மட்டும் இல்லை. கம்பெனி பெயர் இருக்கிறது, எச்சரிக்கை இருக்கிறது, சாமி படம் இருக்கிறது.

கண்டுபிடித்தவர்களுக்கு ‘பை’ உண்டு. தொடங்கியவர்களுக்கும் உண்டு. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்து 1923-ல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கியதை நான் ‘பை’ போட்டு எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அது நியாயம்தான், அவர்கள் போகாவிட்டால் எங்கள் வானம் பார்த்த பூமியில் என்ன வேலை இருந்திருக்கும்? ஆனால் லண்டனில் 1888-ல் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று படித்தேன். அங்கே புழங்கிய வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்துவிடுமாம். 1906-ல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி அதற்குத் தடை கொண்டுவந்தன. பொது அறிவுப் பட்டியலில் அந்த 1,400 பேருக்கு இடம் இல்லை.

தமிழிலும் செயப்பாட்டு வினை இருக்கிறது. ‘படு’ என்று ஒன்றைச் சேர்த்தால் ஆயிற்று. ஆனால் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம்? ‘என்னால் சோறு ஆக்கப்பட்டது’ என்று அம்மா சொன்னால் காய்ச்சல் கண்டுவிட்டதோ என்று பயந்துவிடுவோம். எங்கள் வீட்டில் ‘படு’ வருவது கஷ்டப்படு, அவதிப்படு என்பதில் மட்டுந்தான்.

ஒரே ஒரு முறை உண்மையான செயப்பாட்டு வினை எங்கள் வீட்டுக்குள் வந்தது. 2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள். நான் அப்போது பதினொரு வயதுப் பிள்ளை. மறுநாள் அப்பா பேப்பர் வாங்கி வந்து, “பாப்பா, சத்தமாப் படி” என்றார். பக்கத்து வீட்டு அத்தைகளும் வந்து நின்றார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். சரவெடி தயாரிக்கவும் விற்கவும் வெடிக்கவும் தடை விதிக்கப்படுகிறது. பேரியம் உப்புக்கும் தடை விதிக்கப்படுகிறது. அம்மா அப்போது சரம் பின்னுகிற வேலையில் இருந்தார். எத்தனை பின்னுகிறாரோ அத்தனைக்குத்தான் கூலி. “அப்படின்னா எங்களுக்கு என்ன வேலையாம்? அதப் போட்ருக்காகளா, பாரு” என்றார். கடைசி வரி வரை தேடிப் பார்த்தேன். போடவில்லை. அந்தத் தீபாவளி முடிந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. காற்று கெட்டுப் போகிறது என்று தொடுத்த வழக்கு அது. டெல்லிப் பிள்ளைகளின் மூச்சுத் திணறலும் பொய்யில்லை. வளர்ந்த பிறகு அதுவும் புரிகிறது. ஆனாலும் அன்று எங்கள் வீட்டில் நின்றது அம்மாவின் கை.

பிறகு ‘கிரீன் கிராக்கர்’ என்று ஒரு சொல் வந்தது. அம்மா அதைப் பச்சை மத்தாப்பு என்று நினைத்துக்கொண்டார். நானும்தான். சிறுசாக இருக்கும்போது ‘எம்’-ஐ நினைத்த மாதிரி. பசுமைப் பட்டாசு என்பது புகை குறைந்த பட்டாசு. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வுக்கூடத்தினர் அதற்கான கலவைகளை உருவாக்கி ஸ்வாஸ், சஃபல், ஸ்டார் என்று பெயர் வைத்தார்கள். ஸ்வாஸ் என்பதற்கு விரிவு ‘சேஃப் வாட்டர் ரிலீசர்’. வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அமுக்குமாம். இதில் வேடிக்கை என்னவென்றால், வாணத்தில் பச்சை நிறம் காட்டுவது பேரியம். அதுதான் தடை. ஆக, பச்சை நிறம் காட்டுகிற உப்பு பசுமைப் பட்டாசில் இருக்கக் கூடாது! இதை ஆங்கிலத்தில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ‘ஆல்தோ’ என்ற சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியது அதில்தான்.

அம்மா இப்போது பேக்கிங் பகுதியில் இருக்கிறார். அரியர் பரீட்சையில் நான் 58 வாங்கிப் பாஸ் ஆனேன். பெரிய மார்க் இல்லை. ஆனால் வாய்ஸ் கேள்வி ஐந்தும் சரி.

அதற்குப் பிந்திய ஒரு வகுப்புத் தேர்வில்தான் அந்த அரை மார்க் போனது. கேள்வி இது: ‘சிவகாசியில் தொழிலாளர்கள் பட்டாசு தயாரிக்கிறார்கள்’ என்ற ஆங்கில வாக்கியத்தைப் பாசிவில் மாற்றுக. எதிர்பார்த்த விடை எனக்குத் தெரியும். ‘கிராக்கர்ஸ் ஆர் மேட் இன் சிவகாசி’ என்று நிறுத்தியிருக்கலாம். ‘பை ஒர்க்கர்ஸ்’ என்று சேர்த்திருந்தாலும் சரிதான். பேனா நிற்கவில்லை. ‘பை மை மதர் அண்ட் ஹெர் ஃப்ரெண்ட்ஸ்’ என்று எழுதிவிட்டேன். மேடம் அந்த நான்கைந்து சொல்லுக்கும் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ‘கேள்வியில் இல்லை’ என்று எழுதி அரை மார்க் குறைத்திருந்தார்கள். அது சரிதான், கேள்வியில் இல்லைதான்.

பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். இதுதான் நீங்க, இதுதான் உங்ககூட வேலை பார்க்கிற அத்தைகள் எல்லாம் என்று விரல் வைத்துக் காட்டினேன். சிவப்புக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கோடு எதுக்கு?”

“அரை மார்க் கம்மிம்மா.”

“எங்களப் போட்டதுக்கா?”

“ம்.”

“அடுத்த தடவ அவுக கேட்டத மட்டும் எழுது தாயி. மறுபடி அரியர் வச்சேன்னா யாரு பீஸ் கட்டுறது?”

சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனவர், திரும்பி வந்து பேப்பரை வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் மஞ்சள் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.